பால்புட்டி மல்லி

பிளாஸ்டிக் கருகும் வாசனை தொண்டையில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கத்தியைக் காலித் தண்ணீர் பாட்டிலின் அடிப்பக்கம் வைத்து அம்மா ஒரு சுற்றுச் சுற்றுவாள். அடி மட்டும் வட்டமாகக் கழன்று விழும். அந்தப் புகை வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே நின்று, சோற்றில் ஏறி, பாயில் ஏறி, மறுநாள் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்துகிற அளவுக்கு என் தலைமுடியிலும் தங்கியிருக்கும். அப்போது நான் ஏழாம் வகுப்பு. தம்பி செல்வம் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு மழை அடுத்தடுத்து ஏமாற்றிய வருடங்கள் அவை. சாத்தூர் பக்கம், அச்சங்குளத்துக்கு அருகில் எங்கள் ஊர்.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறையில் வேலை பார்த்தார். வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியப் பவுடர் எல்லாவற்றையும் சலித்துக் கலக்குகிற வேலை. மற்ற எல்லா வேலையையும்விட அதற்குக் கூலி கூடுதல். ஏன் கூடுதல் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாயங்காலம் அவர் வரும்போது காது, கழுத்து, கண் இமை எல்லாம் வெள்ளி பூசினதுபோல மின்னும். வந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கல்லில் நின்று இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளிக்க வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் "மருந்து இறக்குறது" என்று பெயர். அப்பா மருந்து இறக்கி முடிக்கும்வரை அம்மா அடுப்புப் பற்றவைக்க மாட்டாள். விளக்கு ஏற்ற மாட்டாள். எங்களை அவர் பக்கத்தில் போக விட மாட்டாள். அவர் கழற்றிப் போட்ட உடுப்புக்குத் தனிக் கொடி. சாமி கும்பிடுவதற்குக்கூட எங்கள் வீட்டில் இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

அந்த வருடம் பக்கத்து ஊர்க் கம்பெனியில் ஒரு அறை வெடித்துப் போனது. அப்பாவோடு தினமும் ஒரே பஸ்ஸில் போய் வந்தவர் ஒருவர் அதில் போய்விட்டார். துக்கம் கேட்டுவிட்டு வந்த அம்மா அப்பாவிடம் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"நின்னுக்கிடுங்க."

"நின்னுட்டு என்னத்தைத் திங்க?"

"மல்லி போடுறேன்."

அப்பா சிரிக்கவில்லை. "போடு. பூத்த அன்னிக்கு நின்னுக்கிடுதேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, அவள் வாயை அடைக்கச் சொன்னாரா, தெரியாது. அம்மா அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குச் சீராக வந்த கொஞ்சம் நிலம் எங்கள் தெருவுக்குப் பின்னால் சும்மா கிடந்தது. காரியாபட்டிப் பக்கம் இருந்த மாமா வீட்டுக்குப் போய், வேர் விட்ட மல்லிகைப் பதியன்களை ஈரச்சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தாள். எழுபது குச்சி. ஐப்பசியில் ஒரு மழை பெய்தது. அதை நம்பி நட்டாள். அதற்குப் பிறகு வானத்தில் ஒன்றுமில்லை.

தெருக் குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வந்தது. பிறகு பத்து நாளானது. கண்மாயில் மாடு படுத்துக் கிடந்தது. அம்மாவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்ததால் காலையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனால் சாயங்காலம் திரும்பும்போது மண் வாயைப் பிளந்து கிடக்கும். ஊற்றிய தண்ணீரில் பாதியை வெயில் குடித்தது, மீதி வெடிப்புக்குள் போனது. ஒவ்வொரு குச்சியாகப் பிடித்து நகத்தால் தோலைக் கீறிப் பச்சை இருக்கிறதா என்று பார்ப்பாள். பச்சை இல்லாவிட்டால் அந்தக் குச்சியைப் பிடுங்க மாட்டாள், அடுத்ததற்குப் போய்விடுவாள். அதைப் பார்க்கிறதற்குத்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

பூச்சட்டி என்று ஒரு பட்டாசு உண்டு. தரையில் வைத்துப் பற்றவைத்தால் பூப்பூவாகச் சொரியும். இப்போது அட்டையில் வருகிறது. அப்போது எங்கள் பக்கத்துச் சின்னக் கம்பெனி ஒன்றிரண்டில் சுட்ட மண்ணில் செய்த கூட்டில்தான் மருந்து அடைத்தார்கள். அடி அகலமாக, நுனியில் சின்ன ஓட்டையோடு கூம்பு மாதிரி இருக்கும். சரியாக வேகாத கூடுகள் ஈரத்தை இழுத்து மருந்தைக் கெடுத்துவிடும் என்று அவற்றை ஒதுக்கிப் போடுவார்கள். அதற்கு "வேர்வைக்கூடு" என்று பேர். கம்பெனி வேலிக்கு வெளியே குப்பையாகக் குவிந்து கிடக்கும். நாங்கள் அதை வைத்துக் கோயில் கட்டி விளையாடுவோம்.

ஒரு நாள் செல்வம் அப்படி ஒரு கூட்டைக் கொண்டுவந்து, நுனியைக் களிமண்ணால் அடைத்து, தண்ணீர் ஊற்றி விளையாடிக்கொண்டிருந்தான். தண்ணீரை வீணாக்குகிறான் என்று அடிக்கப் போன அம்மா அடிக்கவில்லை. கூட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். வெளிப்பக்கம் வேர்த்திருந்தது. சொட்டவில்லை; நனைந்து மட்டும் இருந்தது. அதைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றாள். சோறு பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

மறுநாளே வேலை ஆரம்பித்துவிட்டது. கூட்டின் நுனி ஓட்டையை அடைத்து, செடியின் வேர்ப்பக்கம் தலைகீழாகப் புதைக்க வேண்டும். அகலமான வாய் மேலே இருக்கும். அடி அறுத்த பாட்டிலைக் கவிழ்த்து, அதன் கழுத்தைக் கூட்டின் வாயில் சொருகி, சுற்றிலும் களிமண் அப்பிவிட வேண்டும். மேலே ஊற்றுகிற தண்ணீர் கூட்டுக்குள் இறங்கி நிற்கும். கூடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வேர்த்து வேருக்கு மட்டும் கொடுக்கும். வெயிலுக்கு ஒன்றும் கிடையாது. பாட்டிலுக்காகச் சாத்தூரில் பழைய சாமான் கடை வைத்திருந்த பாயிடம் போனோம். கண்ணாடிப் பாட்டிலைத் தொட விடவில்லை. தண்ணீர் பாட்டில் ஒரு சாக்கு கொடுத்து, "செடிக்குன்னா கொண்டு போத்தா. இதுக்கெல்லாம் காசு வேண்டாம்" என்று அம்மா நீட்டிய கையை மடக்கிவிட்டார்.

எதிர்வீட்டுப் பேச்சியம்மா அத்தை நிலத்துக்கே வந்து பார்த்தார். வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏத்தா, பெத்த பிள்ளைக்கு நீ பால்புட்டி வாங்கிக் குடுத்து நான் பாக்கலை. செடிக்கு வாங்கிக் குடுத்திருக்கியே. ராத்திரி தொட்டில் கட்டி ஆட்டணுமா?"

அன்று முதல் ஊருக்குள் அது "பால்புட்டித் தோட்டம்" ஆகிவிட்டது. கேலி செய்தவர்களும் வேலைக்குப் போகும்போது ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஏனென்றால் குச்சிகள் பிழைத்துக்கொண்டன. ஒரு பாட்டில் தண்ணீர் இரண்டு நாள், சில இடத்தில் மூன்று நாள் நின்றது. தை மாதக் கடைசியில் பாட்டில் வைத்த செடிகளில் எல்லாம் மணி மணியாகத் தளிர் வந்திருந்தது.

ஆனால் நல்ல கூடு முப்பதுதான் கிடைத்தது. மீதி உடைசல். பாட்டில் இல்லாத செடிகள் கண்ணெதிரே கருக ஆரம்பித்தன. அம்மா அப்பாவிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது, "இன்னும் நாப்பது கூடு இருந்தா எல்லாம் பிழைச்சிரும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து அப்பா ஒரு சாக்கு நிறையக் கூடு கொண்டுவந்தார். முந்தின சீசனில் விற்காமல் திரும்பிவந்து, கூடு சரியாக வேகாததால் நமுத்துப்போன பூச்சட்டிகளை உடைக்காமல் மருந்தை மட்டும் தட்டி எடுத்த கூடுகள். போர்மேனிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். உள்ளே கறுப்பாக இருந்தது. அம்மா தயங்கினாள்.

"மருந்து ஏறுன கூடாச்சே. செடிக்கு ஆகுமா?"

"ஏன் ஆகாது? வெடியுப்பும் உரந்தான் புள்ள. மூட்டையைப் பிரிச்சா உர வாசனைதானே அடிக்கு? ஒருக்கா அலசி எடு போதும். மிச்சம் இருக்கிறது செடிக்குச் சாப்பாடா இருக்கட்டும்."

மருந்தோடு இருபது வருடம் இருந்த மனிதர் சொல்கிறார். அலச இருந்ததும் ஒரே ஒரு சட்டித் தண்ணீர். நாற்பது கூட்டையும் அதே தண்ணீரில் முக்கி எடுத்தோம். கடைசியில் அந்தத் தண்ணீர் மசி மாதிரி இருந்தது. அதையும் வீணாக்காமல் செடிக்கே ஊற்றினோம்.

அந்தச் செடிகள் வளர்ந்ததைப் போல நான் எதையும் பார்த்ததில்லை. பதினைந்து நாளில் முந்தின முப்பதையும் தாண்டிவிட்டன. இலை கரும்பச்சையாக, கை வைத்தால் வழுக்குகிற மாதிரி. அப்பா வேலைக்குப் போகும்முன் போய் நின்று பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே, "எம்புட்டு உரம்னு பாத்தியா" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த ஒரு மாதம் அவர் எங்களோடு அதிகம் பேசினார். வேலையை விட்டு நின்ற பிறகு ஒரு தள்ளுவண்டி வாங்குவது பற்றிக்கூடப் பேசினார்.

பங்குனி வெயிலில் ஒரு காலை, முன்னால் ஓடின செல்வம் நிலத்திலிருந்து கத்தினான்.

"எம்மா, பூத்திருச்சு. எல்லாம் பூத்திருச்சு."

அம்மா கையில் இருந்த செம்பைப் போட்டுவிட்டு ஓடினாள். செம்பில் இருந்தது அன்றைக்குக் குடிக்கிற தண்ணீர். நானும் ஓடினேன். செல்வம் சொன்னது பொய்யில்லை. வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. செடியில் இல்லை, செடியின் காலடியில். புதைத்த கூட்டைச் சுற்றி, மண்ணின் மேலே, பஞ்சுபோல உப்புப் பூத்திருந்தது. இலைகளின் நுனி தீயில் காட்டியதுபோலச் சுருண்டிருந்தது.

அப்பா வந்து குனிந்து அந்த வெள்ளையை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். வெடியுப்பை நாக்கில் வைத்தால் சில்லென்று இருக்கும். மருந்து அறைக்காரர்களுக்கு அது பழக்கம். அவர் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்:

"குளுருது."

அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த நாற்பது கூட்டையும் அன்றைக்கே பிடுங்கி எறிந்தோம். மேல் மண்ணைச் சுரண்டிக் கூடையில் அள்ளிக் கொட்டினோம். அதோடு நிற்கவில்லை. வேருக்குள் இறங்கிய உப்பை வெளியேற்ற நிறையத் தண்ணீர் விட்டு மண்ணைக் கழுவ வேண்டும், அதுவும் ஒரு நாள் இல்லை, தொடர்ந்து விட வேண்டும் என்று காரியாபட்டி மாமா சொல்லி அனுப்பினார். குழாயில் தண்ணீர் வர இன்னும் எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு அடிதடி. வீட்டில் இருந்தவை இரண்டு டிரம். ஒன்று குடிக்க, சமைக்க. இன்னொன்று அப்பா மருந்து இறக்க.

அம்மா இரண்டாவது டிரம்மைத் திறந்தாள்.

நானும் அவளும் வாளி வாளியாகச் சுமந்தோம். ஒரு செடிக்குக் கால் வாளி. தண்ணீர் உள்ளே போகிறவரை அவள் வேர்ப்பக்கம் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். அன்று சாயங்காலம் அப்பா வெள்ளியாக மின்னிக்கொண்டு வந்து கல்லுக்குப் போனார். டிரம்மைத் தட்டிப் பார்த்தார். அது வெறும் சத்தம் கொடுத்தது.

"ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன்."

"சரி."

கம்பெனியில் குளித்துவிட்டு வரலாமே என்று கேட்கலாம். அங்கேயும் கிணறு வற்றித்தான் கிடந்தது. அறை வாசலில் இருந்த தொட்டித் தண்ணீர் தீப்பிடித்தால் அணைப்பதற்கு. அதை யாரும் தொடக் கூடாது. அப்பா ஒரு துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்கு வராமல் எதிரே இருந்த வேலமரத்தடியில் உட்கார்ந்தார். லாரியில் பிடித்த தண்ணீரும் செடிக்கே போனது. அன்று முதல் அம்மா அவர் வருவதற்குள் சோறாக்கி, அடுப்பை அணைத்து, சாம்பலைத் தண்ணீர் தெளித்து அவித்துவிடுவாள். நான் தட்டைக் கொண்டுபோய்க் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வருவேன். அவர் எழுந்துவந்து எடுத்துக்கொள்வார். செல்வத்துக்கு அப்பா முதுகில் ஏற வேண்டும். அவன் கையைப் பிடித்து நிறுத்துவது என் வேலை. பீடிக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் வராமல் பேச்சியம்மா அத்தை தெருமுனையில் உட்கார்ந்துகொள்வார்.

"உன் மாப்பிள்ளை வெடியா, மனுசனா? தள்ளி வச்சிருக்க" என்று ஒரு நாள் அம்மாவிடம் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே சிரிப்பு வரவில்லை. மறுநாள் தன் வீட்டிலிருந்து அரைக்குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அம்மா அதையும் செடிக்குத்தான் ஊற்றினாள். அத்தை அதற்குப் பிறகு தண்ணீர் கொண்டுவரவில்லை.

எனக்கு அம்மாமேல் அப்போது கோபம் வந்தது. அப்பாவைக் காப்பாற்றத்தானே இந்தச் செடி, அந்தச் செடிக்காக அவரையே இப்படி விட்டுவைக்கிறாளே என்று. கேட்டும்விட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "இது செத்துட்டா அவுக சாகிற வரைக்கும் அங்கனதான்" என்றாள். அவள் உதடு வெடித்திருந்தது. அந்த நாட்களில் அவள் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை.

ஆறாவது நாள் அப்பா மத்தியானமே திரும்பிவிட்டார். வேலமரத்தடிக்குப் போகாமல் தெருவிலேயே நின்றார். காலையில் கம்பெனி கேட்டில் போர்மேன் அவரைப் பார்த்திருக்கிறார். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், தலைமயிரில் எல்லாம் நாள்பட்ட பவுடர். வீட்டில் தண்ணீர் இல்லை என்று அப்பா மறைக்காமல் சொல்லியிருக்கிறார். போர்மேன் கை எடுத்துக் கும்பிட்டு, "நேத்து மருந்தோட இன்னிக்கு மருந்துக்குள்ள வராதண்ணே. உன்னோட சேத்து எல்லாரையும் கொண்டு போயிராத" என்று சொல்லி லோடு ஏற்றுகிற பக்கம் அனுப்பிவிட்டாராம். அங்கே மத்தியானம்வரை அட்டைப்பெட்டி சுமந்துவிட்டு வந்திருக்கிறார். மருந்து அறைக்கு அன்றே வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

"நாளைக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"நாளைக்கும் லோடுதான். இனிமே அங்கன விட மாட்டாகளாம்."

"நெசமாவா சொல்றீக?"

"கூலி பாதிதான் புள்ள."

அம்மா பாதி என்றதைக் காதில் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழுகிறாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பேச்சியம்மா அத்தை, "கூலி கொறஞ்சதுக்குச் சிரிக்கிற பொம்பளையை இன்னிக்குத்தான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரை எடுத்துவந்து, இந்த முறை அம்மா கையில் கொடுக்காமல் அவரே கல்லுக்குக் கொண்டுபோய் வைத்தார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுபதில் பத்தொன்பது செடி பிழைத்தது; உப்பைக் கழுவின நாட்களில் முந்தின முப்பதுக்கும் தண்ணீர் கிடைக்கவில்லை. ஆனியில் பூத்தது. தினமும் ஒரு உழக்கு, சில நாள் அதுவும் இல்லை. மதுரைக்குப் பூ ஏற்றுகிற வண்டி அதற்காக எங்கள் ஊருக்கு வராது. அம்மா கட்டி எடுத்துக்கொண்டுபோய்க் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்களிடம் விற்றாள். அப்பாவின் கூலி குறைந்த இடத்தை அது அடைக்கவில்லை. கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று நான் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை. ஏஜென்ட் வீட்டிலிருந்து காகிதக் கட்டும் பசையும் இரும்புக் கம்பியும் வந்து இறங்கியிருந்தன. வெடிக்கு வேண்டிய காகிதக் குழாய் உருட்டுகிற வேலை. வீட்டிலேயே உட்கார்ந்து செய்யலாம். நான் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"ஒரு வருசம் தாயி" என்றார் அப்பா. "செடி தெளிஞ்சிரும். அடுத்த வருசம் எட்டாப்புக்குப் போயிரலாம்."

அடுத்த வருடமும் மழை இல்லை. அதற்கு அடுத்த வருடம் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். என் பெயரை எடுத்து நாளாகிவிட்டது என்றும், இவ்வளவு வயதான பிள்ளையைச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் அதுவே நின்றுவிடும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என் எதிரே உட்கார்ந்தார். ஒரு கம்பியை எடுத்து, காகிதத்தைச் சுற்றி உருட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு லோடு வேலை முடிந்து வந்த நாளெல்லாம் அப்படித்தான் உட்கார்ந்தார். அவருக்குத் தடித்த விரல்கள். அவர் உருட்டின குழாய் தளர்ந்துபோய், ஏஜென்ட் தூக்கி எறிகிற மாதிரி இருக்கும். அவர் எழுந்துபோன பிறகு நான் அதையெல்லாம் பிரித்துத் திரும்ப உருட்டுவேன். அது அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது மண் கூட்டில் யாரும் பூச்சட்டி போடுவதில்லை. அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. நிலத்தைச் செல்வத்தின் படிப்புக்காகக் கொடுத்தோம். வாங்கினவர் வீடு கட்டிவிட்டார். அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் செல்வம் வேலை பார்க்கிற ஊருக்குப் போயிருந்தேன். அவன் வீட்டு மாடியில் தொட்டிச் செடிகளுக்குக் கவிழ்த்த பாட்டிலும் அதற்குக் கீழே மண் கூம்பும் சொருகி வைத்திருந்தான். கடையில் விற்கிறதாம். மருந்து படாத, சுத்தமான கூம்பு. "அக்கா, இது என்னன்னு தெரியுதா?" என்று கேட்டான். தெரியும் என்றேன். அவனுக்கு அந்த வருடத்தில் நினைவிருப்பது, அப்பா முதுகில் ஏறக் கூடாது என்று நான் அவன் கையைப் பிடித்து இழுத்தது மட்டும்தான். எதற்கு இழுத்தாய் என்று கேட்டான். சொன்னேன்.

மருந்து அறையில் அப்பாவோடு இருந்தவர்களில் இன்று எங்கள் ஊரில் ஒருவரும் உயிரோடு இல்லை. அப்பா இருக்கிறார். இதை எழுதும்போது வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சாத்தூர் பஸ் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குப் போக எந்த ஊரும் இல்லை. சும்மா கேட்கிறார்.